மெர்சி ‘சான்ஸ்’ என்று எழுதாத நாள்

பூஜைக்கு வைத்த கீபோர்டை நவமியன்று தொட்டவள் என்று நம் அலுவலகத்தில் என்னைப் பற்றி இன்னும் ஒரு பேச்சு இருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர்தான் கரமனை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அதை என்னிடமே சொன்னார், நான்தான் அவள் என்று தெரியாமல். கதையில் சரஸ்வதி கனவில் வந்து என் கையில் அடித்ததாகக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். அடிக்கவில்லை. மற்றபடி தொட்டது உண்மை. ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நம் வேலையை வெளியாளுக்குச் சொல்வது எளிது. பொன்முடி மலையில் பெரிய மழை பெய்தால் அடிவாரத்தில் கல்லாறு பொங்கி வரும். மலைமேல் பெய்வது கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தலைக்குமேல் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மீன்குஞ்சுகள் காலைக் கடித்து விளையாடிக்கொண்டிருக்கும். வெள்ளம் வளைவைத் தாண்டி வந்த பிறகு ஓட நேரம் இருக்காது. அதற்கு முன்பே சைரன் ஊதியாக வேண்டும். அதற்காகக் குளிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் ஒரு நீர்மானி வைத்திருந்தோம். ஆனால் நீர்மானி வாய் திறக்கும்போது தண்ணீர் கிட்டத்தட்ட வாசலுக்கே வந்திருக்கும். அதனால்தான் மலைமேலும் நமக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் மெர்சி. மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எல்லைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவள் அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழே கல்லாற்றில் போய்ச் சேரும் வாய்க்கால் ஒன்று ஓடியது. நாம் கொடுத்த சின்னப் பெட்டியில், வானத்தையும் வாய்க்காலையும் பார்த்து இரண்டு வார்த்தை தட்டி அனுப்புவாள். அது திருவனந்தபுரத்தில் என் மேசைக்கு வரும். வருவதையெல்லாம் சி மொழியில் எழுதிய நம் புரோகிராம் திரையில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். அதுதான் லாக்.

எனக்கு லாக் பார்ப்பது மிகவும் பிடிக்கும். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை அசைந்துகொண்டிருக்க, எழுத்துகள் கீழிருந்து ஏறி ஏறி மேலே மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை வாசிப்பு என்றும் சொல்ல முடியாது, தூக்கம் என்றும் சொல்ல முடியாது. மலையும் ஆறும் எங்கோ இருக்க, அவற்றின் மூச்சு மட்டும் என் முன்னால் போய் வருவதாகத் தோன்றும். “நீங்க லாகைப் பாக்குறியளா, லாக் உங்களைப் பாக்குதா?” என்று எங்கள் தலைவர் கேலி செய்வார். பாறசாலைப் பக்கத்துக்காரர். பேச்சில் பாதி கேலிதான்.

அந்த மயக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு லாபம் உண்டு. வரிகளின் பொருள் மனதில் நிற்காது, உருவம் நிற்கும். எந்த நிலையத்தின் வரி எவ்வளவு நீளம், எது எப்போது இருமும், எது எப்போது உளறும் என்றெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மெர்சியின் வரியில் ஒரு விசேஷம் இருந்தது. அவள் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டாள். எந்த மேகத்தைப் பார்த்தாலும் “30% chance” என்றுதான் ஆங்கில எழுத்தில் தட்டுவாள். திரையில் அது முப்பது என்று வரும். பிறகு சதவீதக் குறியைக் காணோம், ‘சான்ஸ்’ என்ற சொல்லின் முதல் எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் நிற்கும். மீதிச் சொல் தலையில்லாமல் வரும்.

நாங்கள் அதை மஞ்சின், அதாவது மலை மூடுபனியின், தலையில் போட்டோம். மேலே மஞ்சு இறங்கினால் சிக்னல் அப்படித்தான் கெடும் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றோம். மஞ்சு எப்படி எப்போதும் ஒரே எழுத்தை மட்டும் தின்னும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் எதற்குமே மழைதானே காரணம்: பஸ் தாமதம், கரண்ட் போனது, கல்யாணத்தில் கூட்டம் குறைந்தது எல்லாமே. அதில் இதையும் சேர்த்துக்கொண்டோம்.

மெர்சியிடம் போனில் ஒருமுறை கேட்டேன். “ஏன் மெர்சி, எப்பப் பார்த்தாலும் முப்பதுதானா? ஒருநாளாவது நாப்பது ஆகாதா?”

“அது எங்ஙன சேச்சி ஒறப்பாச் சொல்ல? மழையை அனுப்புறது கர்த்தரல்லவா. நான் இடையில கேறி நூறுன்னு சொன்னா அவரு என்ன நெனைப்பாரு?”

“கல்யாணம் எப்போ?”

“முப்பது பெர்சென்ட் இந்த வருஷம் உண்டு சேச்சி.”

இப்படித்தான் அவள். திருவனந்தபுரத்துக்கு வருகிறாயா என்றாலும் முப்பது, சாப்பிட்டாயா என்றாலும் ஏறக்குறைய முப்பது.

சைரன் இருந்தது கல்லாற்றங்கரையில் சரசம்மாவின் டீக்கடைச் சுவரில். அது ஒருமுறை எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது. ஒரு குரங்கு நீர்மானியின் கம்பியில் ஊஞ்சல் ஆட, மானி ஏதேதோ சொல்ல, புரோகிராம் அதை நம்பிச் சைரனை ஊதிவிட்டது. விடுமுறைக் கூட்டம் அலறி அடித்துக்கொண்டு ஓடியது. ஒருவருக்குப் பாறையில் விழுந்து கால் முறிந்தது. சரசம்மாவின் வடை மாவு மண்ணில் போனது. ஆறு மட்டும் அசையவே இல்லை. பஞ்சாயத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அன்று தலைவர் ஒரு விதி போட்டார்.

“இனி ரெண்டு சாட்சி இல்லாம சைரன் அடிக்கக் கூடாது, கேட்டியளா? மானியும் சொல்லணும், மலையும் சொல்லணும். இன்னொரு தடவை சும்மா கூவினா அவனுவ அதைக் கழத்தி ஆத்துல எறிஞ்சிருவானுவ. பெறவு நெசமாவே வெள்ளம் வரும்போ நாம கரையில நின்னு கூவ வேண்டியதுதான்.”

அது நியாயமான விதி. இன்று கேட்டாலும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

இனி நவமிக்கு வருகிறேன். நம் அலுவலகத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஷ்டமி சாயங்காலம் கீபோர்டுகளை எல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, மேலே தெச்சிப் பூ தூவிப் பூஜைக்கு வைத்துவிடுவோம். தசமி காலைதான் எடுப்போம். இடையில் நவமி முழுவதும் யாரும் எதையும் தட்டுவதில்லை. ஆறு நமக்காக லீவு எடுக்காது என்பதால் புரோகிராம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும். பார்க்கலாம், தொடக் கூடாது. அந்த வருஷம் அந்த ஆள் நான்.

வீட்டில் மன்னிக்கு இது பிடிக்கவில்லை. “நன்னா இருக்கு! சரஸ்வதி பூஜையன்னிக்கு ஆத்துல சுண்டல் பண்ணிண்டிருக்கறப்போ உனக்கு ஆபீஸா?” என்றாள்.

“சும்மா பார்த்துண்டு உக்காந்திருக்கப் போறேன் மன்னி. தொட மாட்டேன்.”

“தொடாம உக்கார உனக்குத் தெரியுமோ?” என்று கேட்டுச் சிரித்தாள்.

அன்று நகரத்தில் வெயில் சுட்டது. அலுவலகம் காலி. சந்தன வாசனையும் மின்விசிறிச் சத்தமும் மட்டும் இருந்தன. காலையில் சரசம்மா போன் செய்து, “இன்னிக்கு பயங்கரத் தெரக்கு எக்கா, ஆத்துல கால் வைக்க எடமில்ல” என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். லாக் ஏறிக்கொண்டிருந்தது. நீர்மானி தன் பழைய எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னது. எனக்குக் கண் செருகியது. எங்கோ ஆற்றங்கரையில் நடப்பதுபோல, கால் நனைவதுபோல இருந்தது.

அப்போது லாக் நின்றது.

கண்ணைத் திறந்தேன். கடைசி வரியில் மெர்சியின் நிலையத்துப் பெயர் இருந்தது. பெயருக்குப் பிறகு ஒன்றும் இல்லை. புரோகிராம் செத்துக் கிடந்தது.

ஓடுகிற புரோகிராம் நின்றால் திரும்ப ஓட்ட வேண்டும். அதற்குத் தட்ட வேண்டும். கீபோர்டைப் பார்த்தேன், தெச்சிப் பூக்கள் என்னைப் பார்த்தன. “அம்மா, மன்னிச்சுக்கோ” என்று வாய்விட்டுச் சொல்லி, பூக்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஓட்டினேன். விரலெல்லாம் சந்தனம். புரோகிராம் எழுந்தது. ஏற்கப்படாத செய்தியை மலைமேலிருந்த பெட்டி மறுபடி அனுப்பியது. மெர்சியின் நிலையத்துப் பெயர் திரையில் வந்தது. அதே இடத்தில் புரோகிராம் மறுபடி செத்தது.

மெர்சியைப் போனில் கூப்பிட்டேன். அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. தலைவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஏதோ கோயில் வரிசையில் நின்றிருப்பார்.

இரண்டு சாட்சிகளில் மலை வாயையே திறக்கவில்லை. கடைசியாகக் கேட்டவரை மானி, ஆறு அமைதியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தது. விதிப்படி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சைரனை ஊதி வெள்ளம் வரவில்லை என்றால் கல்லாற்றில் இனிச் சைரனே இருக்காது. ஊதாமல் வெள்ளம் வந்தால், கால் வைக்க இடமில்லாத அந்தக் கூட்டம்! பயம் என்றால் பயம், சும்மா சொல்லக் கூடாது.

பயத்தில் புத்தி வேலை செய்யாது என்பார்கள். எனக்கு அன்று எதிர்மாறாக நடந்தது. அந்தப் பாதித் தூக்கம் இன்னும் முழுவதும் கலையவில்லை போலிருக்கிறது. மாதக்கணக்கில் பார்த்த மெர்சியின் வரிகள் எல்லாம் கண்முன் வரிசையாக நின்றன. முப்பது, கறுப்புச் சதுரம், தலையில்லாத சொல். மறுபடியும் முப்பது, சதுரம், தலையில்லாத சொல். ‘சான்ஸ்’ என்று எழுதிய நாளெல்லாம் நம் புரோகிராம் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டுப் பிழைத்துக்கொண்டது. இன்று பிழைக்கவில்லை, அதுவும் இரண்டு தடவை.

அப்படியானால் மெர்சி இன்று ‘சான்ஸ்’ என்று எழுதவில்லை.

வேறு என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. புரோகிராம் ஏன் சாகிறது என்றும் தெரியாது. எதற்கும் முப்பதுக்குமேல் போகாத ஒரு பெண் இன்று முதல்முறையாக வேறு ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. சைரனுக்குத் தனியாக ஒரு கட்டளை உண்டு, புரோகிராம் செத்தாலும் அது வேலை செய்யும். அதைத் தட்டினேன்.

சற்று நேரத்தில் என் போன் அலறியது. சரசம்மா. அவள் குரலுக்குப் பின்னால் சைரன் ஊதிக்கொண்டிருந்தது.

“எக்கா, எந்தினா இதை அடிச்சது? இங்க வெயிலு சுட்டுப் பொள்ளுது! மறுபடியும் கொரங்கா?”

“குரங்கு இல்ல சரசம்மா. எல்லாரையும் ஏத்திவிடு.”

“மானி காட்டுதா?”

“இல்ல.”

“பின்ன எப்படித் தெரியும்?”

“என்னை நம்பு. அப்புறமா என்னைத் திட்டிக்கோ,” என்றேன்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே ஆட்களை விரட்டத் தொடங்கினாள். வைகிற சத்தம், குழந்தைகள் அழுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம் எல்லாம் என் காதில் விழுந்தன. பலரும் அவளைத்தான் ஏசினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “எக்கா, எல்லாம் ஏறியாச்சு. ஒரு கல்யாணப் பெண்ணும் செக்கனும் மட்டும் நடு ஆத்துப் பாறையில மேசை போட்டு இருக்குது. ‘சேவ் த டேட்’ படமாம். நீளச் சேலையாம், நனையக் கூடாதாம். கூப்பிட்டா கேமராக்காரன் கையைக் காட்டி நிக்கச் சொல்றான்,” என்றாள்.

“அந்தப் பெண்ணைத் தூக்கிட்டாவது வா!”

“என் தலையெழுத்து!” என்றாள் சரசம்மா. போன் ஏதோ துணிக்குள் போனது. அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீரில் நடக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சளக், சளக் என்று. நான் சந்தனம் காய்ந்த விரல்களை மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை முன்போலவே அசைந்தது. நான் வெறும் பகற்கனவை நம்பி ஒரு ஊரையே ஆற்றிலிருந்து துரத்திவிட்டேனோ என்று தோன்றியது. அழுகை வந்தது. அப்போதுதான் ஒரு பெண் குரல் கோபமாக, “சேலை போச்சு!” என்று மலையாளத்தில் கத்துவது கேட்டது. கரையேறிவிட்டார்கள் போலும்.

பிறகு சரசம்மாவின் குரல் கேட்டது. ஆனால் என்னிடம் பேசுவதாக இல்லை.

“ஆத்து நெறம் மாறுது...”

அதற்குமேல் ஒரு பெரிய இரைச்சல் வந்து எல்லாவற்றையும் மூடியது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேசை மட்டும் போனது. பூ ஜாடியும் இரண்டு கண்ணாடி டம்ளர்களும் மேலே இருக்க, அது கவிழாமலேயே வளைவு வரைக்கும் மிதந்து போயிற்றாம். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் என் கனவில் வருகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் கரமனையாற்றுப் படித்துறையில் நான் நிற்கிறேன், அந்த மேசை மெதுவாக என்னைக் கடந்து போகிறது. கல்லாறு கரமனையாற்றில் சேராது. அது எனக்குத் தெரியும், கனவுக்குத் தெரியாது.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். உங்களுக்கு அது பாலபாடம், ஆனாலும் சொல்கிறேன். லாக் வரி எழுதுகிற நம் ஃபங்ஷனுக்கு முதலில் ஒரு வாக்கியம் கொடுப்போம், பின்னால் எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் கொடுப்போம். வாக்கியத்தில் சதவீதக் குறி வந்தால் அங்கே ஒரு இலை போட்டாயிற்று என்று பொருள். பின்னால் வருகிற மதிப்பை அந்த இலையில் சாப்பாடுபோல விளம்ப வேண்டும். பின்னால் எதுவும் வரவில்லை என்றால்? அந்த ஃபங்ஷன் கேட்காது, நிற்காது. கைக்குக் கிடைத்ததை எடுத்து விளம்பிவிடும். எங்கள் புரோகிராமில் மெர்சியின் சொற்களையே அந்த முதல் வாக்கியமாகக் கொடுத்திருந்தார்கள். அவள் போட்ட சதவீதக் குறியெல்லாம் இலையாகிவிட்டது. குறிக்கு அடுத்து வரும் எழுத்துதான் எந்த இலை என்று சொல்லும்: ‘சான்ஸ்’ என்பதன் c வந்தால் ஒரு எழுத்துக்கான சின்ன இலை. ஏதோ குப்பை விழும், பந்தி நடக்கும். அன்று அவள் எழுதியது “100% sure”. அதன் s ஒரு முழுச் சொற்றொடருக்கான இலை. அந்தச் சொற்றொடர் எங்கே இருக்கிறது என்று நினைவகத்தில் போகக் கூடாத இடத்தில் தேடிப் போய், ஃபங்ஷன் அங்கேயே விழுந்தது. ஆபத்தைச் சொல்ல வைத்ததே ஆபத்தான கதை, வேலியே பயிரை மேய்ந்ததுபோல.

புரோகிராமை மொழிமாற்றிக் கொடுக்கும் கம்பைலர் முதல் நாளிலிருந்தே இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகள் நிறைய வந்து தொந்தரவு செய்கின்றன என்று யாரோ அதன் வாயை அடைத்திருந்தார்கள். யார் என்று தலைவர் தேடவில்லை, நீங்களும் தேடாதீர்கள். இனி வேறொருவர் சொல்வதை வாக்கியமாகக் கொடுக்காதீர்கள். வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும், அவர் சொல் பின்னால் மதிப்பாக வரட்டும். அடைத்த வாயைத் திறந்து வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருகிற குப்பையை மஞ்சு என்று சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். தலைவர் சொன்னதை மட்டும் நான்தான் சொல்ல முடியும். கோயிலிலிருந்து வேட்டியும் சந்தனமுமாக ஓடி வந்தவர், திரையைப் பார்த்தார், கலைந்து கிடந்த பூவைப் பார்த்தார்.

“ரெண்டு சாட்சி எங்க?” என்று கேட்டார்.

“மானி வெள்ளம்னு சொல்லலை சார். மலை பேச வந்தப்போ புரோகிராம் செத்துப் போச்சு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று கேலி எதுவும் வரவில்லை. “நானா இருந்தா அடிச்சிருக்க மாட்டேன், கேட்டியளா,” என்றார். “நான் போட்ட விதி நல்ல விதி. நான் அதைக் காத்துட்டு இங்ஙனயே இருந்திருப்பேன். அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.” விதியை அவர் எடுக்கவில்லை. செய்தி வர வேண்டிய இடத்தில் மௌனம் வந்தால் அதையும் ஒரு சாட்சியாகக் கொள்ள வேண்டும் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தார். நீங்கள் இன்றும் பின்பற்றுகிற வரி அதுதான்.

வீட்டுக்குப் போனதும் மன்னி என் விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “தொட்டியோ?” என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சுண்டலைத் தட்டில் போட்டாள். “சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. நீ எழுதத்தானே தொட்டே,” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்கு முன்பு, நான் அலுவலகத்தைவிட்டுக் கிளம்புகிற நேரத்தில், மெர்சியின் போன் வந்தது. லைன் விட்டு விட்டுக் கேட்டது. வாய்க்கால்மேல் இருந்த நடைபாலம் அவள் கண்முன்னே பெயர்ந்து போனதாம். அதைப் பார்த்தபடியேதான் பெட்டியில் தட்டினாளாம்.

“நான் அப்படி ஒருநாளும் எழுதினதில்ல சேச்சி. ‘நூறு பெர்சென்ட், உறுதி’ன்னு போட்டேன். கீழ ஆளுங்க நிப்பாங்கன்னு நெனச்சு நெனச்சு, கர்த்தாவேன்னு சொல்லி அனுப்பினேன். பெட்டி திருப்பித் திருப்பி ‘போகலை’ன்னே காட்டிச்சு.” அவள் அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. “எனக்கு அது மட்டும் தெரிஞ்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். என் மெசேஜ் கிட்டிச்சா சேச்சி?”

நான் திரையைப் பார்த்தேன். அவளுடைய நிலையத்துப் பெயருக்குப் பிறகு ஒன்றுமே இல்லாத அந்த வரி அப்படியே நின்றிருந்தது.

“கிட்டிச்சு மெர்சி,” என்றேன். “ஆத்துல நின்ன அத்தனை பேருக்கும் கேட்டுது.”